நூல் விலைக்கும் கீழே போன வாடாமல்லிப் புடவை

போன வாரம் கடையிலிருந்து போன் வந்தது. நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் ரேவதி பேசினாள்.

"மேடம், ஆன்லைன் சைட்காரங்க புதுசா ஒண்ணு கொண்டாந்திருக்காங்க. இனிமே புடவைக்கு வெலைய நாம போட வேணாமாம். அதுவே பார்த்து ஏத்திக்குமாம், அதுவே எறக்கிக்குமாம். ஒரு பட்டனை அமுக்கினா போதுமாம். அமுக்கட்டுமா?"

"முதலாளி என்ன சொன்னாரு?"

"நானும் கேட்டேன் மேடம். 'அமுதாவைக் கேளு'ன்னு சொல்லிட்டு ஜல்தியா டீ குடிக்கப் போயிட்டாரு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் ஏன் அத்தனை வேகமாக டீ குடிக்கப் போனார் என்பது ரேவதிக்குத் தெரியாது. போனில் சொல்லி முடிகிற விஷயமும் இல்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் விலை போடுகிற வேலை பார்த்தவள். ஆரணியில் நெய்கிறவரை, சாயம் தோய்க்கிறவரை, புடவை விற்கிறவரை எல்லோருக்கும் தெரியும். விலை போடுகிறவள் என்றால் மட்டும், "அதுல என்னம்மா வேலை? நம்பர் எழுதறதுதானே?" என்பார்கள். என் மாமியார் நான் புடவைக்கு டிக்கெட் ஒட்டப் போகிறேன் என்றே பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தார். நானும் திருத்தவில்லை. டிக்கெட் ஒட்டுகிறவளுக்குக் கை வலிக்கும் என்று சாயங்காலம் சுடச்சுடக் காபி கிடைத்துக்கொண்டிருந்தது.

சொந்த ஊர் களம்பூர். முதலில் அங்கேயே ஒரு அரிசி மில்லின் ஆபீசில் இருந்தேன். லாரி வந்து நின்றதும் ஒரு பிடி நெல்லை உள்ளங்கையில் தேய்த்து, உமியை ஊதிவிட்டு, மூட்டைக்கு இவ்வளவு என்று சொல்லும் ஆட்களை அங்கேதான் பார்த்தேன். மில் கைமாறியபோது வேலை போயிற்று. பஸ் பிடித்து ஆரணிக்கு வந்து ஒரு பட்டுக் கடையில் பில் போடச் சேர்ந்தேன். பில்லிலிருந்து ஸ்டாக்குக்கும், ஸ்டாக்கிலிருந்து விலைக்கும் நகர்ந்தேன். நடுவில் போன வருஷங்களை விவரித்தால் எனக்கே தூக்கம் வரும்.

கடையில் விலை என்பது பேச்சு. வந்தவர்கள் பாயில் உட்கார்ந்து, கலர் சோடா குடித்து, புடவையைத் தோளில் போட்டுப் பார்த்து, "கொஞ்சம் பார்த்துப் போடுங்க" என்பார்கள். எங்கள் முதலாளி ஒரு பெருமூச்சு விடுவார். பெருமூச்சு விடுவதில் அவரை அடித்துக்கொள்ள இந்த ஊரில் ஆள் இல்லை. முதல் மூச்சுக்கு நூறு ரூபாய் இறங்கும். இரண்டாவதில் இன்னொரு நூறு. மூன்றாவது மூச்சு வந்துவிட்டால் புடவையை மடித்துப் பையில் போடச் சொல்லிவிடலாம்.

ஆன்லைனில் விற்கலாம் என்று அவரே ஒரு நாள் முடிவெடுத்து, மாடியில் இரண்டு கம்ப்யூட்டரும் ஒரு தராசும் வாங்கிப் போட்டார். அங்கேதான் சிக்கல். கம்ப்யூட்டரில் பெருமூச்சு விட முடியாது. ஒரே ஒரு எண்ணைப் போட வேண்டும். அதைப் பார்த்து கோயம்புத்தூரில் ஒருத்தி முகம் சுளித்தாலும் நமக்குத் தெரியாது. அடுத்த கடைக்குப் போய்விடுவாள்.

மாடிக்கு மேனேஜராக வந்தவர் தரணேந்திரன் நயினார். சேத்துப்பட்டுப் பக்கம் ஒரு கிராமத்து ஜைனக் குடும்பம். ஒல்லியான ஆள், சட்டைப் பையில் எப்போதும் சீவிய பென்சில். பொழுது சாய்வதற்குள் டிபன் டப்பாவைத் திறந்து சாப்பிட்டு முடித்துவிடுவார். அதற்குப் பிறகு அவர் சாப்பிடவும் மாட்டார், எங்களை எந்த விலையையும் மாற்ற விடவும் மாட்டார். "அசதியில போடற வெலை காலையில பார்த்தா அசிங்கமா இருக்கும்மா" என்பார். பட்டுக் கடையில் இருந்துகொண்டு பட்டு வேட்டி கட்டாதவர். காரணம் கேட்டேன். "விக்கற பொருள் மேல நமக்கே ஆசை இருந்தா வெலை ஏறிப்போயிடும்" என்றார்.

ஒரு புடவைக்கு விலை போட அவர் வைத்திருந்த முறை இது. நூல், ஜரிகை, சாயம், நெசவுக் கூலி ஆகியவற்றைப் பென்சிலால் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதுவார். அது கடைக்கும் உள்ள கணக்குதான். அதன் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே வருவது ஆன்லைனுக்கு மட்டும்: சைட்டுக்குக் கொடுக்கும் கமிஷன், கூரியர், பெட்டி, வரி. கடைசியில் "போய் வந்தது" என்று ஒரு வரி. திரும்பி வருகிற புடவைகளின் செலவு அது.

"திரும்பி வர்ற புடவைக்கு யாரும்மா காசு குடுக்கறது?" என்று கேட்டார் முதல் நாள்.

"திருப்பி அனுப்பறவங்க சார்."

"அவங்கதான் காசை வாங்கிக்கினு போயிட்டாங்களே. திரும்பி வராத புடவைங்கதான் குடுக்கணும். ஒவ்வொண்ணு மேலயும் கொஞ்சம் கொஞ்சம் ஏத்து."

எல்லாம் கூட்டி ஒரு எண் வந்ததும் அதை உடனே ஏற்ற விடமாட்டார். எதிரே நிற்க வைத்து, "வாயால சொல்லு" என்பார். வாடிக்கையாளர் கேட்டதுபோல அவர் பார்க்க, நான் விலையைச் சொல்ல வேண்டும். குரல் இழுத்தால் விலை அதிகம். சொல்லும்போது எனக்கே சிரிப்பு வந்தால் ரொம்ப அதிகம். ஒரு தடவை சடசடவென்று சொல்லிவிட்டேன். "என்னம்மா, ஓடிப்போற மாதிரி சொல்றே? குறைச்சுப் போட்டுட்டியா?" என்றார். பார்த்தால் கூரியரைக் கூட்ட மறந்திருந்தேன்.

கூரியர் என்றதும் பெட்டிக் கதை ஞாபகம் வருகிறது. கூரியருக்கு எடைதான் எல்லாம். அரைக் கிலோ வரை ஒரு விலை. ஒரு கிராம் தாண்டினாலும் அடுத்த விலை. எங்கள் புடவை பெட்டியோடு சேர்ந்து அரைக் கிலோவை மயிரிழையில் தாண்டிக்கொண்டிருந்தது. பெட்டியைச் சின்னதாக்கினோம். டேப்பைக் குறைத்தோம். அப்படியும் முள் நகர்ந்து நின்றது. கடைசியில் பேக்கிங் பார்க்கும் செல்வி ஒவ்வொன்றாக எடுத்துத் தராசில் வைத்துப் பார்த்தாள். குற்றவாளி அகப்பட்டது. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் தடித்த அட்டையில் முதலாளியின் வண்ணப் படம், கைகூப்பியபடி, "மீண்டும் வருக."

"முதலாளியை எடுத்துட்டா அரைக் கிலோவுக்குள்ள வந்துடுது சார்" என்றாள் செல்வி.

அதை முதலாளியிடம் யார் சொல்வது? நயினார் சார் கீழே இறங்கிப் போனார். "சார், உங்க படத்தைப் பெட்டியில அட்டையா வைக்கறதுக்குப் பதிலா புடவையைச் சுத்தற மெல்லிசுப் பேப்பர்லயே அச்சடிச்சிட்டா, பிரிக்கும்போது மொதல்ல உங்க முகம்தான் தெரியும்" என்றார். முதலாளி மகிழ்ந்து சம்மதித்தார். மாதிரித் தாள் வந்தது. அத்தனை மெல்லிய தாளில் புடவையின் கட்டங்கள் ஊடே தெரிந்து, முதலாளி கம்பிக்குப் பின்னால் நின்று கும்பிடுவது போலிருந்தது. அவரே அதை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "வேணாம்யா, நல்லா இல்ல" என்றார். படமும் போயிற்று, எடையும் குறைந்தது, ஒருவர் மனசும் புண்படவில்லை.

திரும்பி வருகிற புடவைகள் தனி உலகம். "கலர் பிடிக்கல" என்று திரும்பி வந்த புடவையில் சந்தன வாசனை அடிக்கும். "பார்டர் சின்னது" என்று வந்த புடவையின் முந்தானையில் சாம்பார் சொட்டு இருக்கும். அப்படி வந்ததைப் புதுசு என்று மறுபடி ஏற்றக் கூடாது என்பது நயினார் சாரின் கண்டிப்பு. சுத்தம் செய்து கீழே கடையில், விலையைக் குறைத்து, "ஒரு கல்யாணம் பார்த்தது" என்று சீட்டு குத்தி வைத்தார். முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் அந்த அலமாரிதான் முதலில் காலியாகும். ஒரு அம்மா வந்து, "ரெண்டு கல்யாணம் பார்த்தது ஏதாச்சும் இருக்குதா? இன்னும் குறையுமே" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இப்படி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, விற்பனை தவிர. சைட்டிலிருந்து எங்களைக் கவனிக்க ஒரு பையனை நியமித்திருந்தார்கள். பெங்களூரிலிருந்து போனில் பேசுவான். நல்ல தமிழ், அதைவிட நல்ல வேகம்.

"மேடம், உங்க புடவை ஏழாயிரத்து நானூறு. பக்கத்துக் கடைக்காரங்களும் அதே விலைதான். ஆனா அவங்க பதினெட்டாயிரம்னு போட்டு அதை அடிச்சிட்டு, கீழ ஏழாயிரத்து நானூறு போடறாங்க. பாக்கறவங்களுக்கு அறுபது பர்சன்ட் தள்ளுபடி. உங்களுக்கு ஜீரோ. நீங்களும் மேல ஒரு விலை போட்டு அடிங்க மேடம்."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. நயினார் சார் குனிந்து கேட்டார்: "தம்பி, பதினெட்டாயிரத்துக்கு நாங்க யாருக்குமே வித்ததில்லையே. விக்காத வெலையை எப்படி அடிக்கறது?"

"அது சும்மா சார், காட்டறதுக்கு."

"காட்டறதைத்தான தம்பி அவங்க நம்பறாங்க."

பிறகு அந்தப் பையன் பாவமாக, "சார், விலையைத் தொண்ணூத்தொன்பதுலயாவது முடிங்க" என்றான். அதற்கும் சார் இறங்கவில்லை. ஆனால் அதில் ஒரு விஷயம் எனக்குப் பிடிபட்டிருந்தது. களம்பூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு பெண் போனில் புடவை தேடிக்கொண்டிருந்தாள். விலையில் ஐயாயிரம் வரை என்று நிறுத்தி, அதற்குள் வந்ததை மட்டும்தான் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். எங்கள் சாதாரண ரகங்கள் ஐயாயிரத்து நூற்றைம்பது. அவள் கண்ணில் அவை படவே வழியில்லை. மறுநாள் சாரிடம் சொன்னேன். யோசித்தார். "தொண்ணூத்தொன்பதுன்னா ஒரு ரூபாயைக் குறைச்சிட்டு உதவி பண்ண மாதிரி நடிக்கறது. நிஜமாவே குறைப்போம்" என்று நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதாக்கினார். அந்த ரகம் நகர ஆரம்பித்தது.

ஆனாலும் மாடிக்கு ஆகும் செலவுக்கு அது காணாது. ஆடி மாதம் முதலாளி மேலே வந்து, மின்விசிறிகளை ஒவ்வொன்றாக அண்ணாந்து பார்த்தார். "ஆவணி முகூர்த்தம் வரைக்கும் பாக்கறேன். ஓடலன்னா மாடியை குடோனாக்கிடுவேன்" என்றார். செல்வியும் அவளோடு பேக்கிங் பார்த்த பெண்களும் டேப் ஒட்டுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்கள். எனக்காவது கீழே பில் போட ஒரு மூலை கிடைக்கும். அவர்களுக்குக் கிடைக்காது. செல்வி தேசூரிலிருந்து வந்துபோகிறவள். வீட்டில் அவள் சம்பளம்தான்.

எங்களிடம் ஓடிய ஒரே குதிரை வாடாமல்லிக் கலரில் கோபுர பார்டர் வைத்த புடவை. ஏழாயிரத்து நானூறு. அதே புடவையை சைட்டின் அதே பக்கத்தில் இன்னொரு கடையும் விற்றது. சைட்டில் அப்படித்தான்: ஒரே பொருளைப் பலர் விற்கலாம், விலை குறைந்தவர் பெயர் மேலே நிற்கும். அந்தக் கடைக்கு ஏதோ நீளமான ஆங்கிலப் பெயர். சூரத்துக்காரர்கள் போலிருக்கிறது என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

ஆவணி பிறந்ததும் ஒரு சாயங்காலம், நயினார் சார் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிய பிறகு, பெங்களூர்ப் பையன் நேராக முதலாளியைப் பிடித்திருக்கிறான். ஒரு மெஷின் இருக்கிறதாம். எதிராளி எவ்வளவு குறைத்தாலும் அதற்கும் கீழே ஐம்பது ரூபாய் தானாகக் குறைத்து நம்மை மேலே நிறுத்துமாம். முதலாளிக்கு வேறென்ன வேண்டும்? தன் சார்பில் பெருமூச்சு விட ஒரு ஆள் கிடைத்ததாக நினைத்திருப்பார். பட்டனை அமுக்கிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போய்விட்டார். "குறைந்தபட்ச விலை" என்று திரையில் ஒரு பெட்டி இருந்திருக்கிறது; அதில் போட்ட எண்ணுக்குக் கீழே மெஷின் இறங்காது. அதைக் காலியாக விட்டிருக்கிறார்.

மறுநாள் காலை நான் மாடிப்படி ஏறும்போது முதலாளி மேலே நின்றிருந்தார். கையில் ஜாங்கிரிப் பொட்டலம்.

"அமுதா, எடுத்துக்கோ. நம்ம மெஷின் ராத்திரி பூரா தூங்காம வேலை செஞ்சிருக்குது. நம்மதான் மேல நிக்கறோம்! ஆர்டரைப் பாரு, கொட்டிக்கினு கீது!"

பிரிண்டர் உண்மையிலேயே கக்கிக்கொண்டிருந்தது. திரையைப் பார்த்தேன். வாடாமல்லிப் புடவை, மூவாயிரத்து ஐம்பது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூவாயிரம் ஆயிற்று.

"சார், எதிர்லயும் இதே மெஷின் இருக்குது. நாம அம்பது குறைச்சா அது அம்பது குறைக்குது. ராத்திரி பூரா ரெண்டும் மாத்தி மாத்திக் குறைச்சிக்கினே இருந்திருக்குதுங்க. இது நூல் வெலைக்கும் கீழ சார். ஜரிகையும் கூலியும் நாம இனாமா குடுத்துக்கினு இருக்கோம்."

ஜாங்கிரி கடித்த வாய் அப்படியே நின்றது.

நயினார் சார் வந்தார். திரையைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி பார்த்தார். "மொதல்ல நிறுத்தும்மா" என்றார். நிறுத்தினேன். முதலாளி தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பெங்களூருக்குப் போன் போட்டோம். அந்தப் பையன் பதறவில்லை. "கேன்சல் பண்ணிடுங்க சார். ஸ்டாக் இல்லன்னு காரணம் போட்டுட்டா முடிஞ்சுது."

"ஸ்டாக் இருக்குதே தம்பி" என்றார் நயினார் சார். அலமாரி நிறைய வாடாமல்லி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"யோவ் நயினாரே, உன் நியாயத்தை அப்பறம் பேசலாம்யா. இத்தனையும் அனுப்பினா மாடியை இன்னிக்கே மூடணும்" என்றார் முதலாளி.

அதுவும் பொய்யில்லை. செல்வி கதவோரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அனுப்பினால் மாடி போகும். ரத்து செய்தால், புடவை வருகிறது என்று நம்பியிருக்கும் அத்தனை பேரும் வசை எழுதுவார்கள். அப்போதும் மாடி போகும். எந்தப் பக்கம் கால் வைப்பதென்றே தெரியவில்லை.

அந்தச் சமயத்தில் எதிராளி யார் என்று பார்க்க, அந்த நீளமான ஆங்கிலப் பெயரை அழுத்தினேன். முகவரி வந்தது. சூரத் இல்லை. ஆரணி. எங்கள் கடைக்குப் பின்தெரு.

"சார்," என்றேன், "இது உங்க மச்சான் கடை."

முதலாளியின் தங்கை சரோஜாவைக் கட்டியவர் அவர். பல வருஷம் முதலாளிக்கு வலக்கையாக இருந்துவிட்டு, ஒரு நாள் பின்தெருவிலேயே சொந்தமாகப் பட்டுக் கடை போட்டுவிட்டார். அன்றிலிருந்து பேச்சு கிடையாது. கோயிலில் எதிரே வந்தால் ஒருவர் நவக்கிரகம் சுற்றப் போய்விடுவார். பேசாத இரண்டு பேருக்கும் சேர்த்து அவர்களுடைய மெஷின்கள் இரவு முழுக்கப் பேசியிருக்கின்றன.

"அந்த ஆளா? எல்லா ஆர்டரையும் கேன்சல் பண்ணு! இப்பவே!" என்று முதலாளி எழுந்தார்.

மொத்தமாக வாங்குபவர்களைப் போனில் கூப்பிட்டு உறுதி செய்வது எங்கள் வழக்கம். இருந்ததிலேயே பெரிய ஆர்டர் பதினொரு புடவை. பெயரைப் பார்த்தேன். சரோஜா. ஊர் ஆரணி. எண்ணைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"ஆமாம்மா, நான்தான் போட்டேன்" என்றது குரல். "ராத்திரி இவரு வீட்ல குதிச்சிக்கினு இருந்தாரு, எங்க மெஷின் ஜெயிக்குது, உங்க அண்ணன் ஒழிஞ்சான்னு. நானும் என் போனை எடுத்துப் பார்த்துக்கினே இருந்தேன். எறங்கிக்கினே போச்சு. பொண்ணுக்கு இந்த ஆவணியில கல்யாணம். தாய்மாமன் சீரு வராதுன்னு மனசைத் தேத்திக்கினு இருந்தேன். எங்க அண்ணன் கையால குடுக்க மாட்டாரு. மெஷினாச்சும் குடுக்குதேன்னு, அண்ணன் கடை பேரு மேல வந்தப்ப சட்டுனு அமுக்கிட்டேன். பொண்ணுக்கும் கூட நிக்கற பொண்ணுங்களுக்கும் எல்லாருக்கும் ஒரே மாதிரி. கேன்சல் பண்ணிட மாட்டீங்களே?"

நான் முதலாளியைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு நிமிஷம் இருங்கம்மா" என்றேன்.

முதலாளி கையால் சைகை காட்டினார், அனுப்பு என்று. பிறகு தணிந்த குரலில், "அது ஒண்ணை மட்டும் அனுப்பிடு. மத்ததெல்லாம் கேன்சல்" என்றார்.

நயினார் சார் சத்தமே உயர்த்தாமல் கேட்டார்: "மத்தவங்களும் யாரோ ஒருத்தர் தங்கச்சிங்கதானே சார்?"

முதலாளி அவரை முறைத்தார். ரொம்ப நேரம் முறைத்தார். அப்புறம் அவருடைய வாழ்க்கையிலேயே நீளமான பெருமூச்சு ஒன்றை விட்டு, "எல்லாத்தையும் கட்டித் தொலைங்க" என்று சொல்லிவிட்டுக் கீழே போனார். போகும்போது ஜாங்கிரிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

செல்வியும் பெண்களும் அன்று கட்டிய வேகத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. நஷ்டத்துக்குத்தான் கட்டுகிறோம் என்று தெரிந்தும் ஒரு புடவையின் மடிப்புகூடப் பிசகவில்லை. வாங்கியவர்கள் எழுதியவை ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தன. இந்த விலைக்கு இது நிஜப் பட்டா என்று சந்தேகப்பட்டுப் பிரித்தவர்கள் படத்தோடு எழுதினார்கள். எங்கள் கடைப் பெயருக்குக் கீழே நட்சத்திரங்கள் நிறைந்தன. விளம்பரத்துக்குக் கொட்டினாலும் அப்படி வந்திருக்காது.

ஆனால் நட்சத்திரத்தை வைத்து மாடியைக் காப்பாற்ற முடியாது. மறுபடி ஏழாயிரத்து நானூறு போட்டால் பின்தெரு மெஷின் ஏழாயிரத்து முந்நூற்றைம்பது போடும். அப்போது நான் ஒன்று சொன்னேன். அதே புடவை என்பதால்தானே அதே பக்கம், அதே பக்கம் என்பதால்தானே சண்டை? நம்முடையதை வேறு புடவையாக்கிவிட்டால்? செல்வி முந்தானைக்குக் குஞ்சம் கட்டுவாள். அவள் விரல் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். குஞ்சம் கட்டி, ஃபால்ஸ் தைத்து, ஓரம் அடித்து, பெட்டியைத் திறந்ததும் கட்டிக்கொண்டு போகலாம் என்று தனிப் பக்கம் போட்டோம். வெளியூரில் இருக்கிறவளுக்கு இதற்கெல்லாம் தையல்காரரைத் தேடி அலைவதுதான் பேஜார். விலை எட்டாயிரத்து நூறு. சார் எதிரே நின்று சொன்னேன். குரல் இழுக்கவில்லை.

"கட்டிக்கினு போயிட்டுத் திருப்பி அனுப்பிடுவாங்களேம்மா" என்று மட்டும் கேட்டார் சார். கொஞ்சம் பேர் அனுப்பத்தான் செய்தார்கள். அதற்கும் சேர்த்துத்தான் விலை போட்டிருந்தேன். கீழே ஒரு கல்யாணம் பார்த்த அலமாரிக்கும் சரக்கு வேண்டுமே.

ஆவணி முடிவதற்குள் செல்வியிடம் குஞ்சம் கட்டக் கற்றுக்கொள்ள இன்னும் இரண்டு பெண்கள் வந்துவிட்டார்கள். மாடியைக் குடோனாக்கும் பேச்சை முதலாளி அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. நயினார் சார் ஓய்வு பெற்றபோது அந்த நாற்காலி எனக்கு வந்தது; எனக்குப் பிறகு ரேவதிக்கு. ரேவதி, உன் கேள்விக்குப் பதில் இதுதான்: பட்டனைத் தாராளமாக அமுக்கு. மெஷின் கெட்டதல்ல, நாம் சொன்னதை அப்படியே செய்யும், அதுதான் பயம். குறைந்தபட்ச விலை என்ற அந்தக் காலிப் பெட்டியை முதலில் நிரப்பிவிட்டு அமுக்கு.

அந்தப் பதினொரு புடவை என்ன ஆயிற்று என்று சொல்லவில்லையே. உள்ளூர் ஆர்டரை நாமே கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று சைட்டில் ஒரு வழி உண்டு. செல்வி கட்டி முடித்து வைத்திருந்த பெட்டிகளை, நாங்கள் கேட்காமலே, முதலாளி தன் ஸ்கூட்டரில் அடுக்கிக்கொண்டார். பின்தெருவுக்கு எதற்கு ஸ்கூட்டர் என்று யாரும் கேட்கவில்லை. போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"என்ன சார், பார்த்தீங்களா?" என்று கேட்டேன்.

"குடுத்துட்டேன்" என்றார். அவ்வளவுதான்.

இரண்டு நாள் கழித்து வந்த விமர்சனங்களை வாசித்துக்கொண்டிருந்தேன். எல்லாம் ஐந்து நட்சத்திரம். நடுவில் ஒன்று மட்டும் நான்கு. முதலாளி என் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். "யாரது ஒண்ணு குறைச்சது?"

வாசித்தேன். "புடவைங்க ரொம்ப நல்லா இருக்குது. படத்துல பார்த்த கலர்தான். ஆனா டெலிவரி கொண்டாந்தவரு வாசப்படியிலயே நின்னு குடுத்துட்டு ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்காம போயிட்டாரு. அதான் ஒரு ஸ்டார் குறைச்சிட்டேன். சரோஜா, ஆரணி."

முதலாளியின் காது சிவந்தது. "ஊரே பாக்குமே இதை. எடுத்துடு அமுதா."

"நாம எடுக்க முடியாது சார். எழுதினவங்கதான் மாத்தணும்."

"எப்ப மாத்துவாங்க?"

நயினார் சார் பென்சிலைச் சீவிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார்: "சர்வீஸ் சரியாச்சுன்னா மாத்துவாங்க சார்."

முதலாளி வேட்டியைச் சரிசெய்து கட்டிக்கொண்டு, எண்ணெய் தடவித் தலையைப் படிய வாரிக்கொண்டு படியிறங்கினார். இந்த முறை ஸ்கூட்டரை எடுக்கவில்லை. நடந்தே பின்தெருவுக்குத் திரும்புவதை நானும் செல்வியும் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தோம். மத்தியானம் முழுக்க அவர் கடைக்கு வரவில்லை. சாயங்காலம் வெற்றிலை போட்டுச் சிவந்த வாயோடு வந்து, கல்லாவில் உட்கார்ந்து, உடனே தூங்கிப்போனார்.

நான் அந்தப் பக்கத்தை மறுபடி திறந்தேன். ஐந்து நட்சத்திரம். கீழே சரோஜா பழைய வரியை எடுத்துவிட்டுப் புதுசாக ஒன்று எழுதியிருந்தார்:

"டெலிவரி கொண்டாந்தவரு இன்னிக்கு உள்ள வந்தாரு. ரசம் ரெண்டாவது வாட்டி கேட்டு வாங்கினாரு. ஊத்தினது எங்க வீட்டுக்காரரு."